தண்ணீர் அடுக்கு

பத்தொன்பதாம் கட்டை வேலியோரம்
ஏழிலைப்பாலை ஒன்று நின்றது.
அஸ்லினா அதைப் புலாய் என்பாள்.
பாலை, புலாய்:
ஒரே பிள்ளையை இரண்டு வாசலில் நின்று
கூப்பிடுவது போலிருக்கும்.

பட்டை உரித்தது ஒரு வெள்ளிக்கிழமை.
மார்பு உயரம்,
உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல்.
வழிந்த பாலைத் துடைத்துவிட்டுக்
காயத்தில் ஈரமண் அப்பினேன்.
செய்முறைக் குறிப்பில் அது இல்லை.

நிழலில் ஒன்பது நாள் காய்ந்தது.
கேண்டீனில் மிளகாய் அரைக்கும் இயந்திரத்தை
இரவல் கேட்டு அரைத்தோம்.
மறுநாள் சம்பல் கசக்கிறதென்று
தாப்பா ரோடு தொழிற்கல்லூரி முழுக்கப் புகார்.

மெத்தனாலில் ஊறித்
தேயிலைச் சாயமாய் இறங்கியதைச்
சுழற்றிச் சுழற்றி வற்றவிட்டால்
குடுவை அடியில்
செருப்பில் ஒட்டுகிற தார் அளவு மிச்சம்.
நானூறு கிராம் மரம்,
இருபத்தாறு கிராம் பிசுக்கு.

பிரிபுனலில் ஊற்றிக் குலுக்கினால்
குளோரோபாம் கீழே போகும்,
தண்ணீர் மேலே நிற்கும்.
சங்கதியெல்லாம் கீழடுக்கில் என்பது
எல்லாப் புத்தகமும் சொல்வது.
கீழடுக்கை அஸ்லினா
சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில்
சொட்டுச் சொட்டாக இறக்கினாள்.
முப்பத்தொரு குப்பிகள்.
மேலடுக்கைக் கொட்டப் போனேன்.
ஏன் கொட்டவில்லை, தெரியாது.
லேபிள் தீர்ந்திருந்தது;
மூடியில் 'த' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

உப்புநீரில் பொரித்த இறால்குஞ்சுகள்
குப்பிக்குப் பத்து.
தூசி நீந்துவது மாதிரி இருக்கும்.
டார்ச் அடித்தால்
வெளிச்சத்துக்கு ஓடி வரும்.
ஒரு பகல், ஓர் இரவு.
முப்பத்தொன்றிலும் துள்ளல்.
'த'வில் அடித்தேன்.
ஒன்றும் வரவில்லை.

அஸ்லினா கத்தினாள்.
டாக்டர் குணநாயகம் கண்ணாடியைக் கழற்றிச்
சட்டை நுனியில் துடைத்து
"புதுசா ஏதோ இருக்கு" என்றார்.
அன்றிரவு ஸ்டேஷன் எதிர்க்கடையில்
மூவருக்கும் மீ கோரெங், என் காசில்.
ரசீதுக்குப் பின்பக்கம்
அந்தச் சேர்மத்துக்குப் பெயரும் எழுதிப் பார்த்தோம்.

இன்னும் பட்டை வேண்டியிருந்தது.
கத்தியோடு போனேன்.
மருந்தடித்து முடித்த பெண்கள்
மரத்தைச் சுற்றி நின்றார்கள்.
முதுகுப் பம்பை இறக்காமலே
நாகரத்தினம் அக்கா
மிச்சத்தை மரத்தில் பீச்சித் தீர்த்தாள்.
மார்பு உயரம்.
"இங்கதான் எப்பவுமா?"
"மரம் நோஞ்சானா இருக்கச்சேலேர்ந்து."
நகம் விழுந்த கட்டைவிரலால்
என் பையைக் காட்டினாள்:
"மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே?"

'த'வில் இரண்டு மில்லி பாக்கி.
ஆப்பசோடா ஒரு சிட்டிகை,
சாயப்பட்டறை வெண்பொடி ஒரு சிட்டிகை.
குலுக்கக்கூட இல்லை.
நீலம்.
என் இடைநிலைப்பள்ளிச் சீருடையின்
துவைக்கத் துவைக்கப் போகாத நீலம்.

ஆற்றுக்கு அக்கரையில் நின்ற வேறொரு பாலை.
அதன் தண்ணீர் அடுக்கில்
பத்தும் ஓடி வந்தன.

பயிருக்கு அடிப்பதும் மருந்து,
பாட்டிலில் வாங்கிக் குடிப்பதும் மருந்து,
நான் தேடியதும் அதே நான்கு எழுத்து.
அறிக்கையில் 'மூலம்' என்ற கட்டத்தில்
தாவரப் பெயர் கேட்கிறார்கள்.
காலியாக விட்டிருக்கிறேன்.
டாக்டர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.

பம்புக்கும் முதுகுக்கும் நடுவே
அக்கா மடித்துப் போடும் துணி ஒன்று உண்டு.
பழைய கைலி, பாதி கிழிந்தது.
கேட்டதும் கொடுத்தாள்,
"தொவைச்சுத் தரியா?" என்று சிரித்தாள்.
தண்ணீரில் ஊறவைத்தேன்,
வடிகட்டினேன்.
முப்பத்திரண்டாம் குப்பி, குஞ்சுகள் பத்து.
நேற்று மாலை நாலு மணிக்கு வைத்தது.
இப்போது மணி நாலு பத்து.
டார்ச் கையில் இருக்கிறது.